வானத்திலும் வரப்பு உண்டு

வானம் எல்லையற்றது என்பது கவிஞர் கூற்று. விமானம் ஓட்டுபவருக்கோ வானம் ஒரு வயல்வெளி; அவர் வரப்பின் மேல்தான் நடக்க வேண்டும். எந்த வழியில், எத்தனை அடி உயரத்தில் பறப்பது என்பதைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டு அதிகாரியே வகுத்துக் கொடுக்கிறார். நம் லாஸ்பேட்டையில் ஏறி இறங்கும் சிறிய விமானத்துக்கும் இதுவே விதி. இந்த வயலைப் பயணிகள் விமானமும் படை விமானமும் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கீடு குறுகினால் என்ன நேரும்? நம் நாட்டிலேயே அதற்கொரு கொடிய சான்று உண்டு.

1996 நவம்பர் 12, மாலை நேரம். சவூதி அரேபிய நிறுவனத்தின் போயிங் 747 விமானம் 312 பேருடன் தில்லியிலிருந்து புறப்பட்டது. கஜகஸ்தான் நிறுவனத்தின் இல்யூஷின் 76 விமானம் 37 பேருடன் தில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. ஏறும் விமானத்துக்கு 14,000 அடி, இறங்கும் விமானத்துக்கு 15,000 அடி என்று அதிகாரி வரையறுத்திருந்தார். கஜகஸ்தான் விமானமோ தனக்குரிய உயரத்தில் நில்லாமல் கீழே இறங்கிவிட்டது. அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு அருகே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஒரே பாதை ஏன்?

இத்தனை பெரிய வானில் இரண்டும் நேருக்கு நேர் வந்தது எப்படி? அந்நாளில் தில்லிக்கு வரவும் போகவும் பயணிகள் விமானங்களுக்கு ஒரே வான்பாதைதான் இருந்தது. சுற்றியிருந்த வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மோதியவற்றுள் படை விமானம் எதுவும் இல்லை. ஆயினும் படைக்கும் பயணிக்குமான பங்கீடு அந்த விபத்தின் பின்னணியில் நிற்கிறது. ஒற்றை வரப்பில் எதிரெதிரே வரும் இருவரைப் பிரித்துவைத்தது அந்த 1,000 அடி மட்டுமே.

அதிகாரியின் கண்ணுக்கும் ஒரு குறை இருந்தது. அவரிடம் இருந்தது முதல்நிலை ராடார். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருவதைப் போல, அது அனுப்பும் மின்காந்த அலை விமானத்தில் பட்டுத் திரும்பும். அதனால் தூரமும் திசையும் தெரியும், உயரம் தெரியாது. விமானி வானொலியில் சொல்லும் உயரத்தையே அவர் நம்ப வேண்டும். இரண்டாம்நிலை ராடாரோ விமானத்திலுள்ள கருவியிடம் கேள்வி கேட்டு, அதன் உயரத்தையும் விடையாகப் பெற்றுவிடும்.

எதிரே சவூதி விமானம் வருவதை அதிகாரி எச்சரித்தும் இருந்தார். ஒரு சிறு கணக்கு போடுவோம். ஒவ்வொன்றும் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் எனில், இரண்டும் நெருங்கும் வேகம் 1,000 கிலோமீட்டர். இடையே 18 கிலோமீட்டர் இருந்தாலும் அதைக் கடக்க 65 விநாடிகளே ஆகும். மேகத்துக்குள் கண்ணால் பார்த்து விலகுவது இயலுமா?

பாடமும் திருத்தமும்

நீதிபதி ஆர்.சி. லகோத்தி தலைமையிலான விசாரணை, கஜகஸ்தான் விமானம் அனுமதியின்றி உயரம் குறைந்ததே விபத்துக்குக் காரணம் என்றது. அவ்விமானக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறைவும் சுட்டிக்காட்டப்பட்டது. ஆனால் தவறியவரைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. இரண்டாம்நிலை ராடார் வந்தது. 'டிகாஸ்' எனும் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று. இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும்.

வான்வெளிப் பங்கீட்டுச் சிக்கலோ எளிதில் தீரவில்லை. நாட்டின் வான்வெளியில் 60 விழுக்காடே தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதத்தில் மத்திய அரசே கூறி, கட்டுப்பாடுகளைத் தளர்த்தப்போவதாக அறிவித்தது. படைக்குப் பயிற்சி வெளி தேவை என்பதை யார் மறுப்பார்? படை பயன்படுத்தாத நேரத்தில் அவ்வழியைப் பயணிகளுக்குத் திறந்துவிடுவதே நெகிழ்வான வான்பயன்பாடு என்னும் முறை.

பிற நாடுகளும் இப்பாடத்தை உயிர்களைக் கொடுத்தே கற்றன. 1971 ஜூலை 30 அன்று ஜப்பானில் போர் விமானம் ஒன்று பயணிகள் விமானத்துடன் மோத, 162 பேர் மாண்டனர். அதன்பின் அங்கே பயிற்சி வெளியும் பயணப் பாதையும் பிரிக்கப்பட்டன. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் இராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்தனர். தரைக்கு மிக அருகில் 'டிகாஸ்' ஏறு, இறங்கு என்று கட்டளையிடாது. அங்கே பாதைகளைப் பிரித்துவைப்பதே காப்பு. கருவி எத்தனை வந்தாலும் வரப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். எங்கள் தெருவில் விமானத்தில் முதலில் ஏறியவர்களோ வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன கொத்தனார்களும் தச்சர்களுமே. அன்று சவூதி விமானத்தில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர். பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர் பலர். வான்பாதை, ராடார் என்பவற்றை அவர்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை. அறிந்தவர்கள் சரியாகச் செய்வார்கள் என்று நம்பித்தான் அவர்கள் இருக்கையில் அமர்கிறார்கள்.

நண்பர்களே! வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். வகுப்பில் நாம் படிக்கும் சார்புத் திசைவேகமும் மின்காந்த அலையும் தேர்வுத் தாளோடு முடிபவை அல்ல. முகமறியாத முந்நூறு பேரைப் பத்திரமாக வீடு சேர்ப்பவை. அந்த எண்ணத்தோடு படிப்போமாக!