சாவி யார் கையில்?

உழைத்துச் சேர்த்த காசை ஊரான் பெட்டியில் போட்டுவிட்டு, "என் பணம் பத்திரம்" என்று உறங்கப் போகிறவனை என்னென்பது? ஏமாளி என்று ஏசலாம். அவனை ஏமாளியாக்கிய எத்தர்களை என்ன சொல்லி ஏசுவது?

டோக்கியோவிலே மவுண்ட் காக்ஸ் என்றொரு பிட்காயின் சந்தை. 2014-ல் கதவைச் சாத்தியது. ஏறத்தாழ எட்டரை லட்சம் பிட்காயின்களைக் காணோம் என்று கைவிரித்தது. பிறகு கிடைத்தது இரண்டு லட்சம்தான். 2022-ல் எஃப்.டி.எக்ஸ். சாய்ந்தது. நடத்தியவருக்கு 2024-ல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை. முதலாளி சிறைக்குப் போனார்; முதல் போட்டவன் வாசலிலே காத்துக் கிடந்தான்!

கிரிப்டோ வாங்குங்கள் என்று நாம் எவரையும் தூண்டவில்லை. விலை இன்று ஏறும், நாளை இறங்கும். ஆனால், ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கே இதைச் சொல்கிறோம்.

அந்தக் காசுக்கு உருவம் இல்லை. ஓர் இரகசிய எண்தான் அதன் சாவி. சாவி எவனிடமோ, காசு அவனுடையது! அந்தச் சாவியை இணையத்தில் உலவவிடாமல் ஒரு சிறு கருவிக்குள் பூட்டி வைப்பதே ஹார்டுவேர் வாலட். பணம் அனுப்பும்போது கருவி உள்ளுக்குள்ளேயே ஒப்பமிடும். சாவி வெளியே வராது. பிராகு நகரத்து டிரெசர், பாரிசு நகரத்து லெட்ஜர் என்று கடை விரித்தோர் பலர். எதைத் தேர்வது?

முதலில், எங்கே வாங்குவது? செய்தவரிடமே வாங்குங்கள், கைமாறி வந்தது வேண்டாம். 2020-ல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் முகவரிகள் கசிந்தன. 2021-ல் அவர்களில் சிலருடைய வீடு தேடிப் போலிக் கருவிகள் அஞ்சலில் வந்தன! கேட்காமல் வந்த கருவி பரிசன்று, பொறி!

அடுத்து, கருவிக்குச் சொந்தத் திரை உண்டா? யாருக்கு, எவ்வளவு போகிறது என்று தெளிவாகக் காட்டுகிறதா? 2025 பிப்ரவரியில் பைபிட் சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர் பறிபோனது. கணினித் திரை ஒன்றைக் காட்டியது. ஒப்பம் விழுந்தது வேறொன்றுக்கு. படிக்காமல் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த பழைய கதைதான் இது!

மூன்றாவது, உள்ளே இருப்பது உறுதியானதா? மென்பொருளை ஊரறிய வெளியிட்டது டிரெசர். ஆனால் அதன் பழைய கருவி கையில் கிடைத்தால் கால்மணி நேரத்தில் சாவியை எடுத்துவிடலாம் என்று 2020-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாதுகாப்புச் சில்லை நம்பியது லெட்ஜர். 2023-ல் வந்த டிரெசர் சேஃப் 3 இரண்டையும் இணைத்தது. திறந்த மென்பொருள், காவல் சில்லு இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, கருவி தருகிற 12 அல்லது 24 சொற்கள். கருவி உடைந்தாலும் அவை இருந்தால் காசு மீளும். அவை பிறர் கையில் சிக்கினால் கருவி இருந்தும் காசு போகும். தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். படம் பிடிக்காதீர்கள், கைப்பேசியில் வைக்காதீர்கள். முன்கூட்டியே எழுதப்பட்டு வந்த சொற்களை ஏற்காதீர்கள். அந்தச் சொற்களைக் கேட்பவன் எந்தச் சட்டை போட்டு வந்தாலும் திருடனே! ஆனால், தாள் இருக்கும் இடம் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். உம்மோடு அதுவும் மறைந்துவிடக் கூடாது.

விளம்பரம் வழிகாட்டாது, தோழர்களே! வியர்வை உம்முடையது, சாவியும் உம்முடையதாகவே இருக்கட்டும்!