வெட்ட வெட்டத் தழைக்கும் முள்மரம்!

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஒரகடம். பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூர். கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற வட்டாரம் இது. இங்கே காலி நிலங்களில் அடிக்கடி கண்ணில் படும் மரம் எது? சீமைக் கருவேலம்!

சோழமண்டலக் கரையின் பழைய காடு இது அல்ல. அந்தக் காட்டில் காசான், உலக்கைப் பாலை முதலிய மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே உள்ள புத்துப்பட்டு ஐயனார் கோவில் காட்டில் அதை இன்றும் பார்க்கலாம். சாமி காடு என்று மக்கள் காத்ததால் அது பிழைத்தது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

விறகுக்கு மரத்தை வெட்டினார்கள். துளிரை ஆடு மாடு மேய்ந்தது. முள் உள்ள காரையும் சூரையும் மிஞ்சின. காடு புதராயிற்று. இயந்திரம் வைத்து மேல்மண்ணை வழித்தால், அதில் உள்ள விதைகளும் போய்விடும். பிறகு எருக்கும் பார்த்தீனியமும் முளைக்கும்.

இந்த மாறுதலை விஞ்ஞானிகள் எப்படி ஆராய்கிறார்கள்? கயிறு கட்டி நிலத்தைச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் எந்தச் செடி எத்தனை என்று எண்ணுகிறார்கள். பிறகு, கை படாத காட்டோடு ஒப்பிடுகிறார்கள்.

வந்த கதை

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுப் பஞ்சம் தீர, ஜமைக்காத் தீவிலிருந்து விதை தருவித்து, 1877-ம் ஆண்டு வாக்கில் கடப்பைப் பகுதியில் நட்டார்கள். இதன் இலையை ஆடு விரும்புவதில்லை. நெற்றை மட்டும் தின்னும். விதை சாணத்திலும் புழுக்கையிலும் விழுந்து முளைக்கும். மரத்தை வெட்டினால், அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கும். மற்ற மரங்களை அழித்த வெட்டும் மேய்ச்சலும் இதை வளர்த்துவிட்டன!

ஆனால் ஏழை வீட்டு அடுப்பு எரிவதும், கரி மூட்டம் போடுவோர் பிழைப்பதும் இந்த மரத்தால்தான்.

அன்னியச் செடிகளை அகற்ற 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நம் மண்ணின் மரங்களை வளர்ப்பதும் அதில் அடங்கும். அதுதான் முக்கியம். வேரோடு பிடுங்கிவிட்டு நிலத்தைச் சும்மா போட்டால், முள்மரமே மறுபடி வரும். பிடுங்கிய குழியில் ஒரு வேம்போ புங்கனோ நட்டு, ஆடு கடிக்காமல் வேலி கட்ட வேண்டும்.