கே-டிராமா காதல் எப்படி வேலை செய்யுது?

இந்த வாரம் கொரியன் ரொமான்ஸ் தொடர்களைப் பத்திப் பேசப்போறோம். முதல்லயே சொல்லிடறேன், இது டாப் 10 லிஸ்ட் கிடையாது. எந்த ஹீரோ அழகுங்கற பஞ்சாயத்தும் கிடையாது. நான் பகல்ல கோடு எழுதறவன், ராத்திரி கே-டிராமா பாக்கறவன். ஒரு விஷயம் நல்லா வேலை செஞ்சா, மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்குன்னு பாத்தே ஆகணும் எனக்கு. அதைத்தான் இன்னிக்குச் செய்யப்போறேன்.

"பணக்காரப் பையன், ஏழைப் பொண்ணு, மழை, குடை. அவ்வளவுதானே?" இது என் ஆபீஸ்ல அடிக்கடி கேக்கற கமென்ட். பாதி சரி. குடை நிறையவே வரும். ஆனா குடைக்கு வெளியே கொரிய சமூகத்தோட வீட்டு வாடகை, மொழி மரியாதை, குடும்ப அதிகாரம், பெண்கள் பாதுகாப்பு எல்லாம் இருக்கு. அதெல்லாம் தெரிஞ்சா அதே தொடர் வேற மாதிரி தெரியும். ஒவ்வொண்ணா பாக்கலாம்.

ஒரே எழுத்தாளர், 16 மணி நேரம்

கே-டிராமாவோட வழக்கமான அளவு 16 எபிசோட். ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. வாரத்துக்கு ரெண்டு, அடுத்தடுத்த நாள்ல. ஆக, எட்டு வாரத்துல கதை முடிஞ்சிடும். பெரும்பாலும் ஒரே எழுத்தாளர் முழுக்க எழுதுவார். ரொமான்ஸ்ல பெரிய பெயர்கள்னு பாத்தா பெண்கள்தான் அதிகம். 'சீக்ரெட் கார்டன்', 'காப்ளின்' எழுதின கிம் உன்-சூக், 'மை லவ் ஃப்ரம் த ஸ்டார்', 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' எழுதின பாக் ஜி-உன் எல்லாம் அங்க நடிகர்களுக்கு இணையான ஸ்டார்கள். ஹீரோவை ஒரு பெண் எழுதறாங்கன்னு தெரிஞ்சா, அவன் ஏன் இவ்வளவு கவனிச்சுக் கேக்கறான்னு புரிஞ்சிடும்.

நம்ம சினிமால காதல் வளர ஒரு பாட்டு போதும். நம்ம சீரியல்ல ஆயிரம் எபிசோட் போனாலும் முடியாது. கே-டிராமா ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. ஒரு கை இன்னொரு கையைத் தொடறதுக்கு அஞ்சாறு மணி நேரம் ஒதுக்க முடியும். ஆனா கண்டிப்பா முடிஞ்சாகணும். மெதுவா போகணும், ஆனா முடிவு இருக்கணும். என்னைப் பொறுத்தவரை இந்த வடிவத்தோட பலம் முழுக்க இதுலதான் இருக்கு.

பலவீனமும் அதுலதான். 12, 13வது எபிசோட் வந்ததும் ஒரு தேவையில்லாத பிரிவு வரும். யாரோ ஒருத்தர் "உன் நல்லதுக்காக"ன்னு வெளிநாடு போயிடுவாங்க. இதுக்கு ஒரு தொழில்முறைக் காரணமும் உண்டு. ரொம்ப காலமா கொரியாவில் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே ஷூட்டிங்கும் நடக்கும். கடைசி வாரங்களில் அன்னன்னிக்கு எழுதின பக்கங்களைத் துண்டு துண்டா செட்டுக்கு அனுப்புவாங்க. நேரா புரொடக்‌ஷன்ல கோடு எழுதற மாதிரி! என் மாதிரி ஆளுங்களுக்குக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். 2016ல் வந்த 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்' சீனாவிலும் ஒரே நேரத்தில் வெளியாகணும் என்பதால் முழுசா எடுத்து முடிச்ச பிறகே ஒளிபரப்பானது. அதுக்கப்புறம் ஓ.டி.டி. பணமும், 2018ல் ஆரம்பித்த வாரத்துக்கு 52 மணி நேர வேலைச் சட்டமும் சேர்ந்து நிலைமையைக் கொஞ்சம் மாத்தின.

இன்னொரு சின்னத் தகவல். கே.பி.எஸ், எம்.பி.சி, எஸ்.பி.எஸ் மாதிரியான தரைவழிச் சேனல்கள் ஒரு நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போட 2021 வரை அனுமதி இல்லை. அதனால விளம்பரம் கதைக்குள்ளேயே வரும். காதலைச் சொல்லப் போற நேரத்துல ரெண்டு பேரும் சப்வே சாண்ட்விச் சாப்பிடறாங்களே, அதோட ரகசியத்துல இதுவும் ஒண்ணு.

"வாங்க போங்க"வில் இருந்து "வா போ"வுக்கு

கே-டிராமாவை இங்கிலீஷ் சப்டைட்டில்ல பாக்கறவங்க ஒரு பெரிய சந்தோஷத்தை இழக்கறாங்க. கொரிய மொழியில மரியாதைப் பேச்சு தனி, நெருக்கமான பேச்சு தனி. முதல்ல சொன்னது 'ஜொன்தேமல்', ரெண்டாவது 'பன்மல்'. இங்கிலீஷ்ல எல்லாம் ஒரே 'யூ'தான். நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. "இனிமே நீ, வா, போன்னே பேசலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டா, அந்தக் கேள்வியோட எடை தமிழ்ல வளந்தவங்களுக்குத் தெரியும். பல தொடர்களில் முதல் முத்தத்தை விட முக்கியமான காட்சி அதுதான்.

இதைத் தலைகீழாவும் பயன்படுத்தலாம். 2017ல் டிவிஎன் சேனலில் வந்த 'பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப்' தொடரில் நாயகனும் நாயகியும் ஒரே வீட்டில் இருக்காங்க, கான்ட்ராக்ட் கல்யாணமும் பண்ணிக்கறாங்க. ஆனா "நீங்க"ன்னு மரியாதையாதான் பேசிக்கறாங்க. அங்க மரியாதைங்கறது தூரம் இல்லை, கவனம்.

அடுத்து 'ஓப்பா'. ஒரு பெண் தன் அண்ணனைக் கூப்பிடற சொல் அது. தன்னை விட மூத்த காதலனையும் அதே சொல்லால கூப்பிடலாம். நம்ம ஊர்ல ஒரு பொண்ணு "அண்ணா"ன்னு சொல்லிட்டா கதை அதோட முடிஞ்சுது. அதனால நமக்கு இது வினோதமா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாமும் உறவுச் சொல்லாலதான் காதலிக்கறோம். மாமா, அத்தான் எல்லாம் வேற என்ன? அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இங்க வழக்கத்துல இருந்ததால அந்தச் சொற்களுக்குள்ள காதலும் வந்துடுச்சு. கொரியாவில் எட்டாம் படி வரைக்கும் ரத்த உறவுக்குள் திருமணம் செய்யச் சட்டம் அனுமதிக்காது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உள்ளவங்க, எவ்வளவு தூரத்து உறவா இருந்தாலும், கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு இருந்த தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அங்குள்ள நீதிமன்றம் 1997ல் தான் சொன்னது. அவங்களுக்கு மாமா, அத்தான் கேட்டா நம்மை விட அதிகமா அதிர்ச்சி ஆகும்.

தன்னை விடச் சின்னப் பையனைக் காதலிக்கற கதைகளுக்கும் இதே கணக்குதான். ஒரு பையன் தன் அக்காவைக் கூப்பிடற சொல் 'நூனா'. 2018ல் வந்த 'சம்திங் இன் த ரெய்ன்' தொடரோட கொரியத் தலைப்பைத் தமிழ்ல சொன்னா, "நல்லா சாப்பாடு வாங்கித் தர்ற அழகான அக்கா"ன்னு வரும். சிரிக்காதீங்க, ரொம்ப சீரியஸான தொடர்.

காதலுக்கு முன்னாடி வீடு

'ஃபர்ஸ்ட் லைஃப்' எனக்கு ரொம்பப் பிடிச்சதுக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ஹீரோ ஒரு டேட்டிங் ஆப் கம்பெனியில வேலை பாக்கற டெக்கி. சொந்த வீடு இருக்கு, தலைக்கு மேல ஹோம் லோனும் இருக்கு. ஹீரோயின் தொடர்களுக்கு உதவி எழுத்தாளர், தங்க இடமில்லாம நிக்கறாங்க. அவனுக்கு லோன் கட்ட வாடகை வேணும், அவங்களுக்கு ஒரு ரூம் வேணும். கல்யாணம் அங்க ஒரு வாடகை ஒப்பந்தமா ஆரம்பிக்குது.

இதைப் புரிஞ்சுக்க 'ஜொன்செ'ன்னு ஒரு முறையைத் தெரிஞ்சுக்கணும். மாத வாடகை கிடையாது. வீட்டு விலையில் பெரும் பங்கை ஒரே தொகையாக உரிமையாளரிடம் கொடுக்கணும். வழக்கமா ரெண்டு வருஷம் கழிச்சுக் காலி பண்ணும்போது முழுத் தொகையும் திரும்ப வரும். ஆமா, நம்ம ஊர்ல ஒத்தி, போக்கியம், லீஸுன்னு சொல்றோமே, அதேதான். ஒரு இளைஞர் கையில அவ்வளவு பணம் எங்க இருந்து வரும்? ஒண்ணு பெத்தவங்க தரணும், இல்லைன்னா பேங்க் தரணும். சில பேர் அந்தப் பணத்தை ஏமாந்தும் போனாங்க. மோசடிகள் பெருகி, பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

அதே 2023ல் தென் கொரியாவின் கருவள விகிதம் 0.72. ஒரு பெண்ணுக்கு சராசரியா ஒரு குழந்தை கூட இல்லை. அடுத்த வருஷம் 0.75க்கு லேசா ஏறியது. உலகத்துக்கே காதல் கதை அனுப்பற நாட்டுல இளைஞர்கள் கல்யாணத்தைத் தள்ளிப் போடறாங்க. வீட்டு விலை, நீண்ட வேலை நேரம், குழந்தை பிறந்ததும் பெண்ணோட வேலை என்ன ஆகுங்கற பயம், எல்லாம் சேர்ந்த கணக்கு அது. திரையில ஒரு ஹீரோ வேலையை விட்டுட்டு சூப்போட வந்து நிக்கறான்னா, அங்க பலருக்கு ஆசையைத் தூண்டறது அவன் முகம் மட்டும் இல்லை. அவனுக்கு நேரம் இருக்கே, அது.

கையைப் பிடிச்சு இழுக்கறது

இப்போ பிடிக்காத விஷயம். 2009ல் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' பலருக்கு முதல் கே-டிராமா. அதுல ஹீரோ ஆள் வெச்சு ஹீரோயினைத் தன் மாளிகைக்குத் தூக்கிட்டு வந்து அலங்காரம் பண்ணி விடறான். மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறான். பின்னணியில அழகான பாட்டு. அந்தக் காலத் தொடர்களில் மணிக்கட்டு இழுப்பு ஒரு கட்டாய ஐட்டம்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு காலேஜ் மாணவி நமக்கு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. ஒரு சீனியர் ப்ரபோஸ் பண்ணியிருக்கான், இவங்க வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டாங்க. அப்புறமும் தினம் ஹாஸ்டல் பஸ் ஸ்டாப்ல நிக்கறான், புது நம்பர்ல இருந்து மெசேஜ் பண்றான். தோழிகள் சொல்றாங்களாம், "கே-டிராமா ஹீரோ மாதிரி இருக்கான்டி, ஓகே சொல்லேன்". அவங்க கேள்வி: "எனக்குப் பயமா இருக்கு. நான்தான் ஓவரா ரியாக்ட் பண்றேனா?"

இல்லைங்க. துளிகூட இல்லை.

முதல்ல சட்டம். ஒரு பெண் விருப்பம் இல்லைன்னு தெளிவா காட்டின பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தாலோ தொடர்பு கொண்டாலோ, அது குற்றம். இந்தியாவில் 2013ல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது, இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவு. முதல் தடவைக்கே மூணு வருஷம் வரை சிறை. மெசேஜ்களை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நம்பற ஒரு பெரியவர்கிட்ட இன்னிக்கே சொல்லுங்க. 181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

ரெண்டாவது, அந்தத் தோழிகளுக்கு. நீங்க சொல்ற கே-டிராமாவே மாறிடுச்சு. 2018 ஜனவரியில் ஒரு பெண் அரசு வழக்கறிஞர் டிவி நேரலையில் உட்கார்ந்து, தனக்கு நடந்த பாலியல் அத்துமீறலைச் சொன்னார். கொரியாவின் மீ டூ அங்கிருந்து பெரிசா வெடிச்சது. அதே வருஷம் வந்த 'சம்திங் இன் த ரெய்ன்' தொடரில், விட்டுப் போக மறுக்கற முன்னாள் காதலனை ரொமான்டிக்காக் காட்டலை, ஆபத்தாக் காட்டினாங்க. ஆபீஸ் பார்ட்டியில பெண்கள் பொறுத்துக்கற தொல்லையும் கதையோட மையத்துல இருந்தது. பின்தொடர்வதற்கு அதுவரை கொரியாவில் சின்ன அபராதம்தான். 2021 அக்டோபரில் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திரையும் சட்டமும் ஒரே திசையில நகர்ந்தது.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு எளிய டெஸ்ட் வெச்சிருக்கேன். பின்னணி இசையை மனசுக்குள்ள மியூட் பண்ணிட்டு அந்தக் காட்சியைப் பாருங்க. அப்பவும் இனிமையா இருந்தா அது காதல். பயமா இருந்தா, அவ்வளவு நேரம் உங்களை ஏமாத்தினது அந்தப் பாட்டுதான். நம்ம தமிழ்ப் படங்களுக்கும் இதே டெஸ்ட் போட்டுப் பாருங்க. பல ஹீரோக்கள் ஃபெயில்.

பசங்களுக்கும் ஒரு வார்த்தை. விடாம துரத்தறதுக்குப் பேர் விடாமுயற்சி இல்லை. அவங்க "வேண்டாம்"னு சொன்னதும் நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாச்சு.

உறையோட வர்ற அம்மா

கே-டிராமா பாத்தவங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். காபி ஷாப். ஹீரோவோட அம்மா. மேஜை மேல ஒரு கவர். "இதை வாங்கிட்டு என் பையனை விட்டுப் போயிடு." கூடவே முகத்துல தண்ணி. அங்க தடை பெரும்பாலும் பணம், குடும்ப அந்தஸ்து. இங்க அதே நாற்காலியில சாதி வந்து உக்காரும், கவருக்குப் பதிலா அருவா கூட வரும். அந்தக் காட்சியை அங்க மீம் போட்டுச் சிரிக்கறாங்க. நம்ம ஊர்ச் செய்திகளைப் படிச்சுட்டு அதைப் பாக்கறப்போ எனக்கு முழுசா சிரிப்பு வர மாட்டேங்குது.

தடையைப் பெரிசாக்கிக்கிட்டே போனா கடைசியில வர்றது நாட்டு எல்லை. 2019ல் தொடங்கின 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'ல தென் கொரியப் பணக்காரி பாராகிளைடிங் போய் வட கொரியாவில் விழறா, அங்க ஒரு ராணுவ அதிகாரியைக் காதலிக்கறா. எனக்கு அதுல பிடிச்சது காதலர்களை விட அந்த கிராமத்துப் பெண்கள்தான். வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவர் எழுத்தில் ஆலோசகரா இருந்ததால கரன்ட் கட், கிம்ச்சி போடறது மாதிரி விவரங்கள் உயிரோட இருக்கு. ஆனா அங்க நிஜமா இருக்கற பசியையும் பயத்தையும் தொடர் மென்மையாக்கிட்டதுங்கற விமர்சனத்தையும் நான் ஒத்துக்கறேன்.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என் சிபாரிசு: முதல்ல 'ஃபர்ஸ்ட் லைஃப்', அப்புறம் 'கிராஷ் லேண்டிங்', பொறுமை இருந்தா 'சம்திங் இன் த ரெய்ன்'. பழசு ஒண்ணு வேணும்னா 2005ல் வந்த 'மை லவ்லி சாம் சூன்'. முப்பதை நெருங்கற, ஒல்லியா இல்லாத, கேக் செய்யற ஒரு பெண்ணோட கதை. அதோட கடைசி எபிசோடுக்கு ரேட்டிங் 50 சதவீதத்தைத் தொட்டது.

உங்களுக்குப் பிடிச்ச காட்சி எது, மியூட் டெஸ்ட்ல பாஸா ஃபெயிலா, வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. கோயம்புத்தூர்த் தங்கச்சி, யார்கிட்ட பேசினீங்கன்னு எனக்கு ஒரு வரி மட்டும் அனுப்புங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.