"வேண்டாம்" என்பதற்குள் என்ன இருக்கிறது?



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எங்க வீட்டுக்காரரு கேட்பாரு. பிள்ளைங்க மெட்ராஸ் பக்கம் புதுசா வந்திருக்கிற தீம் பார்க்குக்குப் போகணும்னு உசிரை வாங்குதுங்க. அவரு முடியவே முடியாதுங்கிறாரு" என்றார்.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து நம் அரியலூர், பெரம்பலூர் பகுதிப் பிள்ளைகளின் பேச்செல்லாம் அதுதான். "வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வாங்களேன்மா" என்று சொல்லத்தான் நான் முதலில் வாயெடுத்தேன். எங்களைப் போன்ற குருக்களுக்கு அதுதானே பழக்கம்! ஆனால் ஏதோ தோன்றவே, "ஏன் வேண்டாம்னு அவர்கிட்ட கேட்டியாம்மா?" என்றேன். "அதுல கேக்க என்ன சாமி இருக்கு? காசுதான்" என்றார்.

மறுவாரம் இருவரும் பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். கணவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டுபவர். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், கடைசியில் சொன்னார்: "காசு இல்லை சாமி. வேன் எடுத்தா நான்தான் ஓட்டணும்னு இவங்க பேசி முடிச்சிட்டாங்க. வருஷம் பூரா ரோட்டுலதான் இருக்கேன். லீவுலயும் ரோடா?" பதினான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த மனைவி, இதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். அவர்களுடைய அனுமதியோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஒருவருக்கு ஓய்வாக இருப்பது இன்னொருவருக்கு வேலையாக இருக்கலாம். வேறு சில வீடுகளில் மனைவிதான் மறுக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்ட வேண்டியவர் அவர்தானே! நீர் விளையாட்டுகளுக்குப் பல பூங்காக்களில் நைலான் உடைதான் அணிய வேண்டும் என்பார்கள். பலர் முன்னிலையில் அந்த உடையில் நிற்கக் கூச்சப்பட்டு, அதைச் சொல்லவும் முடியாமல், "அதெல்லாம் எதுக்கு, வீண் செலவு" என்று முடித்துவிடும் தாய்மார்கள் உண்டு. ஆகவே, துணைவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று யோசிக்கும் முன், அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்பதே முதல் படி.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில், கணவன் மனைவி உரையாடலுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். நம் கருத்தைச் சொல்லும் முன், மற்றவர் சொல்ல விரும்பியது அனைத்தையும் கேட்டு முடித்தோமா என்று பார்க்க அதில் அறிவுறுத்துகிறார். எளிய அறிவுரைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்படிக் கேட்கிறோம்?

இரண்டாவதாக, பிள்ளைகளைப் படை திரட்டாதீர்கள். "அப்பாகிட்ட போய் அழு" என்று அனுப்பினால் சம்மதம் கிடைக்கலாம். ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு அப்பா வில்லனாகிவிடுவார். லூக்கா நற்செய்தியில் திருக்குடும்பமும் ஒரு பயணம் போகிறது. பாஸ்கா விழாவுக்குச் சென்று திரும்பும் வழியில், பன்னிரண்டு வயது இயேசு பயணிகள் கூட்டத்தோடுதான் இருப்பார் என்று எண்ணிப் பெற்றோர் ஒரு நாள் பயணம் வந்துவிடுகிறார்கள். மூன்று நாளுக்குப் பின் மகனைக் கண்டதும் மரியா யோசேப்பைக் குறை சொல்லவில்லை. கணவரையும் தம்மையும் சேர்த்தே மகனிடம் பேசுகிறார். பிள்ளையின் முன்னால் பெற்றோர் ஒரே குரலில் பேசுவது எவ்வளவு அழகு!

மூன்றாவதாக, கணக்கை மறைக்காதீர்கள். நுழைவுக் கட்டணம் மட்டுமல்ல, போக்குவரத்து, சாப்பாடு, உடை, இழக்கும் நாள் கூலி எல்லாவற்றையும் ஒரே தாளில் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். பல பூங்காக்களில் சிறுவர் கட்டணத்தை வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள்; அதையும் முன்னரே விசாரியுங்கள். கூட்டிப் பார்த்துக் கட்டாது என்றால், அடுத்த ஆண்டுக்கென்று மாதந்தோறும் சேமியுங்கள். இந்த ஆண்டுக்கு நம் ஊரே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மண் கடலாக இருந்ததைச் சாத்தனூர் கல்மரமும், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகமும் சொல்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தைக் காண உலகெங்குமிருந்து வருகிறார்கள். ஆனால் "பார்க்குக்குப் போறோம்" என்று ஆசை காட்டிக் கல்மரத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டு டிஸ்னிலேண்ட் பூங்காவைத் திறந்த வால்ட் டிஸ்னி, அந்த எண்ணம் பிறந்த கதையைச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகள்கள் ராட்டினத்தில் சுற்றும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாம். மனமில்லாமல் இழுத்து வரப்பட்டவரோ, எவ்வளவு பெரிய பூங்காவுக்குப் போனாலும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

நம் லாரி ஓட்டுநர் குடும்பம் என்ன செய்தது தெரியுமா? வேனை விட்டுவிட்டார்கள். அரியலூரில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் போவதென்று முடிவாயிற்று. "ஜன்னலோர சீட்டு எனக்குத்தான்" என்று அவர் சொன்னபோது, மனைவி சிரித்த சிரிப்பில் பாதி அழுகையும் இருந்தது.

அன்பார்ந்தவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு "வேண்டாம்" பல நாளாகக் கிடக்கலாம். இன்றிரவு சாப்பாடு முடிந்தபின், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "ஏன்?" என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்களேன்.