பட்டம் ஒருவருடையது, பரீட்சை மற்றொருவருடையது

கல்லூரி விண்ணப்பங்களுக்குரிய கடைசித் தேதி நெருங்க நெருங்க, ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்தர வீதி முதற்கொண்டு ஆற்றுக்கு இப்பால் உறையூர், பாலக்கரை வரையிலிருந்து நம் காரியாலயத்துக்கு வந்து சேரும் கடிதங்கள், பெரும்பாலும் ஒரே சந்தேகத்தையே வெவ்வேறு கையெழுத்துகளில் கேட்கின்றன: கல்லூரியின் பெயருக்குப் பின்னால் ‘தன்னாட்சி’ என்று போட்டிருக்கிறதே, அதனால் பட்டத்துக்கு மதிப்புக் கூடுமா, குறையுமா? செமஸ்டர், கிரெடிட், அரியர் முதலிய விஷயங்களைப் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள எந்த வீட்டுக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, இதில் எந்த அதிகாரம் உண்மையில் எவர் கையில் இருக்கிறது என்பதைத்தான் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

வேலூரில் 1910-ல் பிறந்து, லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளாதாரம் பயின்று, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் 1940 முதல் 1946 வரை அந்தச் சாஸ்திரத்தின் பேராசிரியராக விளங்கி, பின்பு யுனெஸ்கோ ஸ்தாபனத்தில் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்து, 1970-ல் அப்பதவியை விட்டு வந்த மால்கம் ஆதிசேஷய்யா, மறு ஆண்டே தம் மனைவி எலிசபெத்துடன் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார்; 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். திருச்சிக்கு அப்போது தனிச் சர்வகலாசாலை கிடையாது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-ல்தான் உதயமாயிற்று. ஆகையால் தெப்பக்குளத்தருகே பாடம் கேட்ட மாணவன் எதைப் படிக்கவேண்டும் என்பதும், என்ன கேள்விக்கு விடை எழுதவேண்டும் என்பதும் சேப்பாக்கத்தில் நிர்ணயமாயின. எத்தனையோ ஊர்களின் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே சரக்கை ஒரே மையத்திலிருந்து விநியோகிக்கும் இந்த முறை ஒரு பொருளாதார நிபுணரின் மனத்துக்கு உவப்பாக இருந்திராது என்பது நம் அபிப்பிராயம். கோத்தாரி கமிஷன் 1966-ல் எழுதி வைத்துவிட்டுப் போன தன்னாட்சி யோசனையைக் காகிதத்திலிருந்து எடுத்துக் காரியமாக்க முற்பட்டவர்களுள் அவர் முதன்மையானவர். தெப்பக்குளத்துச் செயின்ட் ஜோசப் கல்லூரி 1978-ல் தன்னாட்சி பெற்றது.

இதில் உள்ள சாமர்த்தியத்தை அறியச் சற்றுப் பின்னால் போகவேண்டும். லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது, பரீட்சை வைப்பது அதன் வேலை, கற்பிப்பது கல்லூரிகளின் வேலை என்று பிரித்திருந்தார்கள். அந்தப் பிரிவினையில் குறைகள் ஆயிரம் இருந்தாலும், மாணவனின் முகத்தையே அறியாத ஒருவர் அவன் விடைத்தாளைத் திருத்தினார் என்ற ஒரு நற்குணம் அதற்கு இருந்தது. தன்னாட்சியோ பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம், முடிவு ஆகிய அனைத்தையும் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டு, பட்டத்தை மட்டும் சர்வகலாசாலையிடம் விட்டுவைத்தது. வியாபாரியே தராசைப் பிடித்து நிறுக்க, ரசீதில் மட்டும் வேறொருவர் முத்திரை விழுவது போன்ற நிலைமை இது.

காவல் இல்லாமலா என்று பல்கலைக்கழக மானியக் குழு கேட்கும். ஒவ்வொரு துறையின் பாடத்திட்டக் குழுவிலும் துணைவேந்தர் நியமிக்கும் நிபுணர் ஒருவர் இருக்கிறார் என்பது அதன் பதில். உண்மைதான், ஆனால் அந்த நிபுணரைத் துணைவேந்தர் தம் இஷ்டப்படி தேடிப் பிடிப்பதில்லை, கல்லூரி முதல்வர் சிபாரிசு செய்து அனுப்பும் 6 பேர் கொண்ட பட்டியலிலிருந்தே பொறுக்கி எடுக்கிறார். கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்பாளரின் ஜாபிதாவைத் தயாரிக்கும் இந்த விந்தையைப் பற்றி எந்த அறிவிப்பிலும் ஒரு வரி காணோம். இது போதாதென்று, 2023-ல் வந்த விதிகளின்படி, தன்னாட்சி கேட்கும் விண்ணப்பத்துக்குத் தாய்ச் சர்வகலாசாலை குறித்த கெடுவுக்குள் பதில் தராவிடில், ஆட்சேபமில்லை என்றே கொள்ளப்படும். தாமதத்தைத் தடுக்கும் ஏற்பாடு என்கிறார்கள். துணைவேந்தர் நாற்காலி மாதக்கணக்கில் காலியாய்க் கிடப்பது அபூர்வமல்லாத நம் மாநிலத்தில், மௌனத்தையே சம்மதமாக்கும் விதி யாருக்குச் சௌகரியம் என்பதை வாசகர்களே யூகிக்கலாம்.

விரல் விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகள் மட்டும் தன்னாட்சியாக இருந்த காலத்தில், தன் கீர்த்திக்குப் பங்கம் வருமே என்ற அச்சமே கல்லூரிக்குப் போதிய கடிவாளமாக இருந்திருக்கலாம். இன்று தேசத்தில் அவை ஆயிரத்துக்கும் அதிகம். அவற்றில் மற்ற எந்த மாநிலத்தையும்விட நம்மிடமே மிகுதி. பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கும் பிற்காலத்தில் சி. தங்கமுத்து என்ற பொருளாதாரப் பேராசிரியர் துணைவேந்தராக அமர்ந்ததுண்டு. ஆயினும் கற்பிப்பவரே மதிப்பிடும்போது மதிப்பெண் எந்தத் திசையில் சாயும் என்ற, அந்தச் சாஸ்திரத்தின் முதல் வருஷ மாணவனும் கேட்கக்கூடிய கேள்வியை எந்த அரசாங்கமும் இதுவரை முறையாக ஆராய முன்வந்ததாக நாம் காணவில்லை. புதிய பாடம் வகுப்பதற்கென்று கிடைத்த சுதந்திரமோ, பல இடங்களில் சுயநிதிப் பிரிவில் புதிய படிப்புத் தொடங்கும் சுதந்திரமாக முடிந்திருக்கிறது; ஒரே வாசலுக்குள் ஷிப்ட் ஒன்றுக்கு ஒரு கட்டணம், ஷிப்ட் இரண்டுக்கு வேறொரு கட்டணம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விண்ணப்பம் வாங்கப் போகிற பெற்றோர்கள், கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், செமஸ்டர் வினாத்தாளை வெளியார் அமைக்கிறார்களா, விடைத்தாள்களில் எத்தனை பங்கை வெளியார் திருத்துகிறார்கள் என்று கேட்பது உசிதம். தயங்காமல் பதில் சொல்லும் கல்லூரிகளும் இவ்வூரில் உண்டு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பட்டம் கொடுப்பது யார்? பாரதிதாசன் பல்கலைக்கழகமே.

தன்னாட்சி என்றால் தனியார் கல்லூரியா? அல்ல, பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி அரசாங்கக் கல்லூரி, அதுவும் தன்னாட்சிதான்.

டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குச் செல்லுமா? செல்லும்.

தன்னாட்சி நிரந்தரமா? தொடக்கத்தில் இல்லை, கெடு வைத்துக் கொடுப்பது, அந்தக் கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

இன்டெர்னலில் மதிப்பெண் குறைந்துவிட்டால்? செமஸ்டர் பரீட்சைக்கு முன்பே ஆசிரியரிடமும் துறைத் தலைவரிடமும் கேளுங்கள். ரிசல்ட் வந்தபின் கேட்பவருக்குப் பதில் கிடைப்பது அரிது.