நூல்களுக்கு வழி வகுத்தவர்

நூலை ஆக்குவோர் பலர். ஆக்கிய நூல் நாடுவோர் கைக்கு எட்டுமாறு செய்வோர் மிகச் சிலர். ஒரு நூல் எங்கே உள்ளது, எப்பொருள் பற்றியது என்பன தெரியாவிடின், அது பேழையுள் வைத்த விளக்கேயாகும். நூற்பட்டியலும் ஆய்விதழும் மறுபதிப்பும் அவ்விளக்கை வெளியே எடுத்து வைக்கும் கருவிகள். அக்கருவிகளைத் தமிழுக்கெனக் கையாண்டவர்களுள் முன்னிற்பவர், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913ஆம் ஆண்டு பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் உரோமையில் இறையியல் கற்றுக் குருவானவர். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி புரிந்தபோதே தமிழிலக்கியத்துள் ஆழ்ந்து புகுந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அதனை முறையாகப் பயின்றார். பிறமொழிகள் பலவற்றைக் கற்றபின் தமிழாய்வுக்கு வந்தவராதலின், தமிழை அறிய விரும்பும் வேற்றுமொழியாளர்க்கு எது தேவை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் எனலாம்.

அத்தேவையை நிறைவுசெய்ய 1952ஆம் ஆண்டில் 'தமிழ்க் கலாசாரம்' எனப் பொருள்படும் பெயருடன் ஆங்கில முத்திங்கள் இதழொன்றைத் தொடங்கினார். தமிழறிஞர் ஆய்ந்து கண்டவை தமிழறியாதார்க்கும் சென்றெட்டின. மேனாட்டு அறிஞரின் தமிழாய்வும் அவ்விதழில் இடம்பெற்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய காலத்தில் இம்முயற்சி மேலும் விரிந்தது. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுதற்கு அவர் முன்னின்று உழைத்தார். மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. அங்குப் படிக்கப்பட்ட கட்டுரைகள் காற்றோடு போகவில்லை. இரு தொகுதிகளாக அச்சேறின.

அதே 1966ஆம் ஆண்டில் அவருடைய வேறிரு பணிகளும் வெளிவந்தன. ஒன்று, தமிழியல் பற்றிய நூல்களுக்கு அவர் தொகுத்த வழிகாட்டி. எத்துறையில் எவர் யாது எழுதினார் என்று தேடுவோன் இருளில் தடவ வேண்டாதபடி செய்தது அது. மற்றொன்று, அந்தாவோ தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கேயத் துறவி இயற்றிய தமிழ்–போர்த்துக்கேய அகராதி. கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சான அதன் அரிய படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதனை உள்ளவாறே படம்பிடித்து மறுபதிப்பாக வெளியிட்டார். தொலைதூரத்து நிலைப்பேழை ஒன்றில் கிடந்த நூல் பல நூலகங்களின் உடைமையாயிற்று.

இப்பணியின் அருமை பின்னரே முற்றும் புலனாயிற்று. அடிகளார் 1980 செப்டம்பரில் மறைந்தார். ஓராண்டு நிறையுமுன், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை. படியுள்ளவற்றையோ பட்டியலைக் கொண்டு மீண்டும் தேடிப் பெறலாம். ஒரே இடத்தில் குவித்த செல்வம் ஓர் இரவில் சாம்பலாகலாம். பல இடங்களில் பகிர்ந்து வைத்துக் குறிப்பும் எழுதிய செல்வத்தை அழித்தல் எளிதன்று.

2005இல் தொடங்கிய நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி எவரும் எங்கிருந்தும் படிக்க வைத்துவருகிறது. கருவி புதிது, நெறி கரம்பொன் மைந்தர் கைக்கொண்ட அதே நெறி. வீட்டுப் பரணில் பழைய நூலொன்றை வைத்திருப்போர், அதன் பெயரையும் ஆண்டையும் குறித்து ஒரு படி எடுத்து வைப்பாராயின், அவரும் இப்பணியில் பங்கு கொண்டவரே ஆவர்.