உங்களுக்குத் தெரியுமா? பொம்மையாக ஆடும் மனிதர்கள்

● ஜப்பானின் கபுகி மேடையில் 'அயத்சுரி சன்பாசோ' என்றொரு நடனம் உண்டு. ஆடுபவர் மனிதர், ஆட்டமோ நூல் பொம்மையுடையது. உதவியாளர் பெட்டியிலிருந்து 'பொம்மை'யை எடுத்து நிறுத்தி, இல்லாத நூலை இழுப்பார். ஆட்டத்தின் நடுவே நூல் சிக்கிக்கொள்ளும். பொம்மை கிறுகிறுவெனச் சுழலும். நூல் அறும், தொய்ந்து விழும். முடிச்சுப் போட்டதும் மறுபடி எழுந்து ஆடும்!

● பாவையின் கோலத்தில் ஆடும் ஆட்டம் நமக்கும் உண்டு. சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவின்போது மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்று 'பாவை'. போர்க்கோலம் பூண்டு வந்த அவுணர்களை (அசுரர்களை) மயக்கி வீழ்த்தத் திருமகள் ஆடியது அது. பதினொன்றில் ஆறு நின்றாடுபவை, ஐந்து வீழ்ந்தாடுபவை. பாவை இரண்டாம் வகை.

● திருமகள் எடுத்த கோலம் கொல்லிப்பாவை. அந்தப் பாவை நிற்கும் கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, நம் கொங்கு மண்! பூதம் செய்துவைத்த அந்தப் பாவை, காற்றடித்தாலும் மழை பெய்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாது என்கிறது நற்றிணை. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், எட்டுக்கை அம்மனாக அவளை இன்றும் கும்பிடுகிறார்கள்.

● இந்த ஆடல்களைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருக்கக் காரணம் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். அவரும் கொங்கு நாட்டு நிரம்பை ஊர்க்காரர். ஆதரித்த வள்ளல் பொப்பண்ண காங்கேயர். அந்த உரையோடு சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் 1892இல் அச்சேற்றினார்.

● நூலில் ஆடும் மரப்பாவை வள்ளுவருக்கும் தெரியும். மனத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்குச் சமம் என்கிறது 1020ஆம் குறள்.

● தமிழகப் பொம்மலாட்டத்தில் நூல்களை இரும்பு வளையத்தில் கட்டி, அதை ஆட்டுபவர் கிரீடம்போல் தலையில் அணிவார். கைகளால் குச்சிகளை இயக்குவார். பொம்மை நாலரை அடி உயரமும் சுமார் 10 கிலோ எடையும் வரை இருக்கலாம். திரைக்குப் பின்னால் அவரும் கூடவே ஆடுகிறார்!

● அயத்சுரி சன்பாசோ 1853இல் அரங்கேறியது, இன்றும் ஆடப்படுகிறது. பாவை ஆடல் அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கோவையின் நடனப் பள்ளிகள் அடியார்க்கு நல்லார் உரையைக் கையில் எடுத்தால், கொல்லிப்பாவை கொங்கு மேடையிலேயே மீண்டும் ஆடலாம். எடுக்க வேண்டும்!